ஜீஸ் பெண்ட் பெண்கள் எந்த நேரத்தில் தைத்தார்கள்?

கணக்கெடுப்புப் படிவத்தோடு சேரிக்குள் போகிற நம் தோழர்கள் எல்லோருக்கும் இந்தப் பதில் பழக்கமானது. "என்ன வேலை செய்றீங்கக்கா?" என்று கேட்டால், "வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பார். அவருக்குப் பின்னால் தையல் மெஷின் இருக்கும். மெஷின்மீது பாதி தைத்த ஜாக்கெட் கிடக்கும். அடுப்பில் உலை, தூளியில் பிள்ளை. படிவத்தில் இதற்கெல்லாம் சேர்த்து 'இல்லத்தரசி' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது.

தையலும் கைவேலையும் பெண்கள் 'சும்மா இருக்கிற நேரத்தில்' செய்பவை என்ற நம்பிக்கை அரசுத் திட்டங்களில் இருக்கிறது, தொண்டு நிறுவனங்களின் துண்டறிக்கைகளில் இருக்கிறது, அந்த அக்காவின் வாயிலும் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட பெண்ணுக்கு அப்படி ஒரு நேரம் எங்கே இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் தேட வேண்டுமானால், தைத்த பெண்களே தங்கள் நாள்கள் எப்படிக் கழிந்தன என்று சொல்லி, அது பதிவாகியிருக்கிற ஓர் இடம் வேண்டும். நம் ஊர்களில் அப்படிப்பட்ட பதிவு குறைவு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு கறுப்பினக் கிராமத்தில் அது நிறைய இருக்கிறது. கறுப்பின வரலாற்றைப் படிப்பது நமக்குப் புதிதல்ல. பாபாசாகேப் அம்பேத்கர் 1946-இல் டபிள்யூ.இ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். 1972-இல் மும்பையில் எழுந்த தலித் பேந்தர்கள் அந்தப் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். நாம் வழக்கமாகப் படிப்பது அந்த வரலாற்றின் மேடைகளையும் பேரணிகளையும். இந்தக் கட்டுரை ஊசியையும் நூலையும் பற்றியது.

அந்த ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். வில்காக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ இருக்கிறது. 1816-இல் வட கரோலினாவிலிருந்து வந்த ஜோசப் ஜீ என்ற வெள்ளையர் அங்கே அடிமைகளைக் கொண்டு பருத்திப் பண்ணை வைத்தார். அவருடைய வாரிசுகள் 1845-இல் கடனுக்கு ஈடாகப் பண்ணையையும் அதிலிருந்த மனிதர்களையும் உறவினரான மார்க் பெட்வேயிடம் ஒப்படைத்தார்கள். பெட்வே தன்னிடம் இருந்த ஏறத்தாழ நூறு அடிமைகளை வட கரோலினாவிலிருந்து நடத்தியே கூட்டிவந்தார். இன்றும் அந்த ஊரில் பலருக்குப் பெட்வே என்பதுதான் குடும்பப்பெயர். ஒருவருக்கொருவர் ரத்த உறவு இல்லாதவர்களும் அதையே சுமக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் பெட்வேக்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். அது பண்ணையாரின் பெயர் என்பதை மறக்க வேண்டாம்.

அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகு அவர்கள் அதே மண்ணில் வாரக் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். விதை, உரம், சோளமாவு எல்லாம் கடன். பருத்தி எடுத்ததும் கணக்கு. கணக்கு எப்போதும் கடனிலேயே முடியும். இந்த ஏற்பாட்டை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தஞ்சையில் பண்ணையாள்களாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். 1920-களின் இறுதியில் பருத்தி விலை சரிந்தது. கடன் கொடுத்துவந்த வியாபாரி 1932-இல் இறந்தார். அவருடைய குடும்பம் ஊருக்குள் ஆள் அனுப்பி, சுமார் 60 குடும்பங்களின் கோவேறு கழுதை, மாடு, கலப்பை, வண்டி, பத்தாயத்துச் சோளம் என எல்லாவற்றையும் ஜப்தி செய்தது. அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ரேஷனால்தான் ஊர் தாண்டியது.

பலகைச் சுவர்களில் ஓட்டை. ஓட்டைகளை அடைக்கச் சுவரெங்கும் செய்தித்தாள் ஒட்டியிருப்பார்கள். 1937-இல் அரசின் சார்பில் படமெடுக்க வந்த ஆர்தர் ராத்ஸ்டைனின் புகைப்படங்களில் அந்தச் சுவர்களைப் பார்க்கலாம். ஜொரீனா பெட்வே என்ற பெண், இரண்டு சிறுமிகள் உடனிருக்க, போர்வை தைக்கும் படமும் அவற்றில் ஒன்று. கணப்பு அணைந்த பிறகு அந்த வீட்டுக்குள் பிள்ளைகளைக் காப்பாற்றியது மேலே கிடக்கும் போர்வைதான். ஒன்று போதாது, அடுக்கடுக்காக வேண்டும். கடையில் வாங்கக் காசு இல்லை.

அவர்கள் தைத்ததை ஆங்கிலத்தில் குவில்ட் என்கிறார்கள். நாம் ஒட்டுப்போர்வை என்று சொல்லலாம். கிழிந்த துணிகளை வெட்டி ஒட்டுகளாக இணைத்து மேல்துணி செய்வார்கள். நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊடுருவ நெருக்கமாகத் தைப்பார்கள். நம் பாட்டிகள் பழம்புடவைகளை மடித்து வைத்துத் தைத்த விரிப்புக்கு இது தூரத்து உறவு. ஜீஸ் பெண்டில் துணி என்றால் வயலில் போட்டுத் தேய்ந்த ஜீன்ஸ் காற்சட்டைகள், சட்டைகள், மாவுச் சாக்கு, உரச் சாக்கு. பஞ்சு என்றால் ஜின்னிங் ஆலையின் தரையில் கூட்டி அள்ளியது. அதைக் கம்பால் அடித்துத் தூசி போக்கி விரிப்பார்கள். அவர்கள் பறித்த பருத்தியின் கழிவு மட்டும் அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இனி நேரத்துக்கு வருவோம்.

லொரெட்டா பெட்வே 1942-இல் பிறந்தவர். இந்த ஊரின் புகழ்பெற்ற தையல்காரர்களில் ஒருவர். தனக்குத் தைக்கவே பிடிக்காது என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பன்றிக்குத் தீனி போட வேண்டும், மாற்றுத்திறனாளியான சகோதரரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வயலுக்குப் போக வேண்டும். வயலில் நடந்து களைத்து வீடு திரும்பினால் ஊசி பிடிக்கத் தெம்பு இருக்காது. போர்வை தைத்து வை, உனக்குத் தேவைப்படும் என்று பாட்டி சொன்னபோது, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாராம். கல்யாணமாகி ஓட்டை வீடு ஒன்று தனக்கென்று வந்ததும், குளிர் அவரைத் தைக்க வைத்தது.

கைவினையைப் பற்றிய புத்தகங்களில் இப்படிப்பட்ட சாட்சியம் அபூர்வம். வழக்கமாகப் பெண்கள் 'ஆர்வத்தோடு' தைப்பார்கள், 'பாரம்பரியத்தைக் காப்பார்கள்'. லொரெட்டா களைப்பைப் பற்றிப் பேசுகிறார். சமூகவியல் வகுப்பில் ஆர்லி ஹோக்‌ஷீல்டின் 1989-ஆம் ஆண்டுப் புத்தகத்தை வைத்து 'இரண்டாவது ஷிஃப்ட்' என்ற கருத்தைப் படித்திருப்பீர்கள்: வேலைக்குப் போய்வந்த பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு ஷிஃப்ட் காத்திருக்கிறது. அந்தக் கணக்கில் போர்வை தைப்பது மூன்றாவது ஷிஃப்ட். வயல் முதலாவது, சோறும் பிள்ளையும் இரண்டாவது, விளக்கு வெளிச்சத்தில் ஊசி மூன்றாவது. அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கும் இதே நிலைதான். பகலெல்லாம் எசமானுக்கு உழைத்த அடிமைப் பெண்கள் தம் பிள்ளைகளின் துணியை இரவில்தான் தைத்தார்கள்.

ஆனாலும் தைத்தார்கள். எப்படி என்று பார்த்தால் அவர்களுடைய சாமர்த்தியம் தெரியும். ஒட்டுகளை இணைக்கும் வேலை தனியாள் வேலை. அதை மடியிலேயே செய்யலாம். எனவே மழை நாளிலும், பிள்ளைகள் தூங்கிய பிறகும், கணப்பின் பக்கத்திலும் அது நடந்தது. சட்டத்தில் கட்டித் தைக்கும் வேலை பெரியது, இடம் வேண்டும், பல கைகள் வேண்டும். அதைப் பருத்தி எடுத்து முடித்த குளிர்காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். இன்று ஒருத்தி வீட்டில், அடுத்து இன்னொருத்தி வீட்டில் என்று நான்கைந்து பேர் சேர்ந்து முடிப்பார்கள். பாட்டும் ஜெபமும் ஊர்க்கதையும் கூடவே ஓடும். பிள்ளைகள் எங்கே? சட்டத்துக்கு அடியில். ஜீஸ் பெண்ட் பெண்களில் பலர் தங்கள் முதல் நினைவாகச் சொல்வது இதைத்தான்: தலைக்கு மேலே கூரைபோல விரிந்த துணி, அதன் ஊடே இறங்கி ஏறும் ஊசிகள். கண் நன்றாகத் தெரிகிற வயது என்பதால் நூல் கோத்துக் கொடுக்கும் வேலை அவர்களுக்கு. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் தைப்பதும் தொழில் கற்றுக்கொடுப்பதும் ஒரே எட்டடித் துணிக்குக் கீழும் மேலும் நடந்துகொண்டிருந்தன.

அந்த ஊரில் அதிகம் காணப்படும் வடிவத்துக்கு 'வீட்டுக்கூரை' என்று பொருள்படும் பெயர். நடுவில் ஒரு சதுரத் துணி. அதன் நான்கு பக்கமும் ஒவ்வொரு பட்டையாகச் சேர்த்துக்கொண்டே போனால் சதுரத்துக்குள் சதுரமாகப் பெரிதாகும். இந்த வடிவம் ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பதற்குக் கலை விமர்சகர்கள் ஆப்பிரிக்க மரபு வரை போய் விளக்கம் தருகிறார்கள். இருக்கலாம். எங்களுக்குத் தோன்றுகிற காரணம் இன்னும் எளியது. இந்த வடிவத்தை எந்த இடத்திலும் நிறுத்தலாம். ஒரு பட்டை தைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். அடுத்த பட்டைக்கான துணி அடுத்த மாதம்தான் கிழியும் என்றாலும் பரவாயில்லை. அளவெடுத்து, எல்லாத் துணியும் கையில் வைத்துக்கொண்டு உட்காரும் வசதி இருப்பவர்களுக்கு வேறு வடிவங்கள் இருக்கின்றன. முறிந்து முறிந்து கிடைக்கும் நேரத்துக்கு இது பொருந்தும். அந்தப் பெண்கள் தங்கள் போக்கில் மாற்றித் தைப்பதை 'என் வழி' என்று சொல்வார்கள்.

மிசௌரி பெட்வேயின் போர்வையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1942-இல் அவருடைய கணவர் இறந்தார். அவர் வயலில் போட்ட காற்சட்டைகளையும் சட்டைகளையும் எடுத்து வெட்டி, மகள் அர்லோன்சியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மிசௌரி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதைப் போர்த்தி அன்பைத் தேடிக்கொள்ளவும் என்று அம்மா சொன்னதாக அர்லோன்சியா பின்னாளில் சொன்னார். இப்படி வேலை உடுப்பால் செய்த போர்வைகளை உற்றுப் பார்த்தால், வெளுத்த நீலத்தின் நடுவே அடர்நீலச் சதுரம் ஒன்று தெரியும். பை தைத்திருந்த இடம் அது. வெயில் படாமல் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. தேய்ந்து வெளுத்த வட்டம் முழங்கால். களைகொத்தும் உழைப்பு துணியில் விட்டுப்போன தடம்.

1930-களின் இறுதியில் மத்திய அரசு அந்தப் பண்ணையை விலைக்கு வாங்கியது. வீடுகள் கட்டியது. 1940-களில் நிலத்தை அங்கே உழுதவர்களுக்கே தவணையில் விற்றது. தெற்கின் கறுப்பினக் கிராமங்களில் இது அரிதினும் அரிது. நிலம் கைக்கு வந்ததன் பலன் இருபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1960-களின் தொடக்கத்தில் வில்காக்ஸ் மாவட்டத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பதிவு செய்யக் கேம்டன் நகரத்துக்குப் போக வேண்டும். அது ஆற்றின் அக்கரையில். 1962-இல் அந்தப் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். படகில் கொஞ்ச நேரத்தில் போன இடத்துக்குச் சாலையில் சுற்றினால் ஒரு மணி நேரம். கார் வைத்திருந்தவர்கள் சிலர்தான். பொதுக்கிணற்றுக்கு முள்வேலி போடுகிறவர்களை நமக்குத் தெரியும். இவர்கள் ஆற்றுக்கே போட்டார்கள்.

1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டின் தேவாலயத்தில் வந்து பேசினார். மார்ச்சில் செல்மா பாலத்தில் ரத்தம் சிந்தியது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஊர்வலம் போனவர்களையும் பெயர் பதிந்தவர்களையும் வெள்ளை நிலவுடைமையாளர்கள் குடிசைகளிலிருந்து வெளியேற்றினார்கள். சொந்த நிலம் வைத்திருந்த ஜீஸ் பெண்ட்காரர்களை அப்படி விரட்ட முடியவில்லை. சுற்றியிருந்த ஊர்களின் குத்தகைக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

அந்த ஆண்டு டிசம்பரில் ஃபிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் இந்த வெளியேற்றங்களையும் மிரட்டல்களையும் பதிவு செய்துகொண்டு அந்தப் பகுதியில் சுற்றினார். ஒரு வீட்டின் கொடியில் மூன்று ஒட்டுப்போர்வைகள் காய்வதைப் பார்த்தார். வெள்ளைக்காரர் வருவதைப் பார்த்த வீட்டுக்காரப் பெண் காட்டுக்குள் ஓடிவிட்டார். (வெள்ளைத்தோல் வாசலில் தெரிந்தால் ஓட வேண்டும் என்பதுதான் அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.) வால்டர் பிறகு ஊர் ஊராகப் போய், ஒரு போர்வைக்கு 10 டாலர் என்று வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் அந்தப் பெண்கள் ஒரு தேவாலயத்தில் கூடித் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்று பெயர். விடுதலைத் தையல் கூட்டம் என்று சொல்லலாம். எஸ்டெல் விதர்ஸ்பூன் அதை இருபது ஆண்டுகளுக்கும் மேல் நிர்வகித்தார்.

சந்தையின் வேலையும் அப்போதே தொடங்கிவிட்டது. நியூயார்க்கின் ப்ளூமிங்டேல்ஸ் போன்ற பெரிய கடைகளுக்கு ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வடிவம் வேண்டும். நூறு கேட்டால் நூறும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எனவே சங்கத்தில் அச்சுவைத்து வெட்டி, சீரான தையலில் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். 'என் வழி' அங்கே செல்லாது. 1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் தலையணை உறைகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. மாதாமாதம் கூலி வந்தது. வயலுக்குப் போகாமல் கூலி என்பது அந்தப் பெண்களில் பலருக்கு முதல் அனுபவம். வெட்டி மீந்த கார்டுராய்த் துண்டுகளை, சிவப்பும் பழுப்பும் மஞ்சளும் பச்சையுமாக, வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பகலில் சியர்ஸுக்கு ஆயிரமாவது உறை. இரவில் அதே துணியின் மிச்சத்தில் தன் பிள்ளைக்குத் தன் வழியில் ஒரு போர்வை.

நம் தோழர்கள் கவனிக்க வேண்டியதாக நாங்கள் நினைப்பது சங்கம் தன் பணத்தை என்ன செய்தது என்பதை. 1960-களின் இறுதியில் அது 23 ஏக்கர் நிலம் வாங்கியது. அதில் தையல் கூடம் கட்டி, கொல்லப்பட்ட கிங்கின் பெயரை வைத்தார்கள். நிலத்தில் ஒரு பகுதியை மனைகளாகப் பிரித்து, வெளியேற்றப்பட்ட எட்டுக் குடும்பங்களுக்கு விற்றார்கள். கூடவே குழந்தைகள் காப்பகம் ஒன்றும் நடத்தினார்கள். வாக்குரிமை கேட்டதற்காக வீட்டை இழந்தவர்களுக்கு நிலம், தைக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இடம். பாட்டியின் சட்டத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இப்போது தனி அறை கிடைத்தது. பெண்ணின் 'ஓய்வு நேரம்' தானாக வராது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கையும், விரட்ட முடியாத ஒரு மனையும் இருந்தால்தான் அது உண்டாகும் என்பது அவர்களுக்குப் புத்தகம் படிக்காமலே தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் நம் ஊர்த் திட்டம் ஒன்று நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கணவரை இழந்தோர், கைவிடப்பட்டோர், ஏழைப் பெண்கள் ஆகியோருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் இருக்கிறது. அமைச்சராக இருந்தவர், தலித் மக்களின் பிரச்சினை புறக்கணிக்கப்படுவதாகச் சொல்லி 1974-இல் திமுகவிலிருந்து வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர். அப்படிப்பட்டவரின் பெயரில் வருவது மெஷின் மட்டும். மெஷின் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது வந்த வீடுகளில் என்ன மாறியது என்பதும் தெரியும். மெஷினை மிதிக்கும் இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்று திட்டத்தில் எந்த வரியும் இல்லை. தூக்கத்திலிருந்து வருகிறது.

போர்வைகளின் கதைக்குத் திரும்புவோம். கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் இந்தத் துணிகளின் மதிப்பை அருங்காட்சியகங்களுக்கு முன்பே கண்டவர்கள். ஆலிஸ் வாக்கர் 1973-இல் எழுதிய 'எவ்ரிடே யூஸ்' சிறுகதையில், நகரத்துக்குப் போய்ப் படித்த மகள் பாட்டியின் போர்வைகளைச் சுவரில் மாட்ட விரும்புகிறாள். ஊரிலேயே இருக்கும் தங்கைக்கு அவை போர்த்திக்கொள்ள. அம்மா யாருக்குக் கொடுக்கிறாள் என்பதுதான் கதை. நம்மில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்கள் அந்த அக்காவைப் படித்து நெளியாமல் இருக்க முடியாது.

வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர், விறகு அடுக்கின்மேல் விரித்துப்போட்ட ஒரு போர்வையின் புகைப்படத்தைப் புத்தகம் ஒன்றில் பார்த்து, 1990-களின் பிற்பகுதியில் அதைத் தேடிக்கொண்டு ஜீஸ் பெண்டுக்கு வந்தார். அது ஆனி மே யங் தைத்தது: வெளுத்த வேலை உடுப்புகளின் நடுவே சிவப்பும் மஞ்சளுமாகக் கார்டுராய்ப் பட்டைகள். ஆர்னெட் ஊரிலிருந்து நூற்றுக்கணக்கில் வாங்கினார். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் அவை சுவரில் ஏறின. நியூயார்க் டைம்ஸின் விமர்சகர் மைக்கேல் கிம்மல்மன், அமெரிக்கா தந்த நவீனக் கலையின் ஆக வியப்பான படைப்புகளில் இவற்றையும் சேர்த்து எழுதினார்; மத்தீஸையும் பால் க்ளேயையும் ஒப்புக்குக் கொண்டுவந்தார். கொசு விரட்டப் பழைய போர்வைகளைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டிருந்த ஊர் அது.

ஒன்றைக் கவனியுங்கள். அருங்காட்சியகம் கொண்டாடியது ப்ளூமிங்டேல்ஸுக்காக அளந்து தைத்தவற்றை அல்ல. கடைகள் அன்று வேண்டாம் என்ற, பிள்ளைகளுக்காக இரவில் தைத்த, 'என் வழி' போர்வைகளைத்தான். மூன்றாவது ஷிஃப்டில் பிறந்தவை கலை ஆயின. அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. அந்தப் பெண்களுக்குக் கண் இருந்தது, நிறத்தைப் பற்றிய அறிவு இருந்தது, துணிச்சல் இருந்தது. ஏழ்மைதான் அவர்களை இப்படித் தைக்க வைத்தது என்று மட்டும் சொல்வது அவர்களை இன்னொரு முறை சிறுமைப்படுத்துவது. ஒரே ஏழ்மையில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் இருவர் ஒரே சாக்குத் துணியை வைத்து இரண்டு வேறு போர்வைகள் தைத்தார்களே. ஆனால் 'பிறவிக் கலைஞர்கள்' என்ற புகழ்ச்சியில் களைப்பு காணாமல்போகிறது. லொரெட்டாவுக்குத் தைக்கப் பிடிக்காது என்பது சுவரில் தெரியாது.

2006-இல் பத்துப் போர்வைகள் அமெரிக்க அஞ்சல் தலைகளில் வந்தன. அதே ஆண்டுதான், 44 ஆண்டுகள் கழித்து, கேம்டனுக்குப் படகும் திரும்பவந்தது. அதற்கு முன்பே, 1999-இல், லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் ஜே.ஆர். மோரிங்கர் அந்தப் படகைப் பற்றியும் மேரி லீ பெண்டால்ஃப் என்ற தையல்காரரைப் பற்றியும் எழுதிய கட்டுரைக்குப் புலிட்சர் விருது கிடைத்திருந்தது. போர்வையின் வடிவங்கள் விரிப்புகளிலும் வீட்டு அலங்காரப் பொருள்களிலும் ஏறி விற்பனைக்கு வந்தன. 2007-இல் ஆனி மே யங், லொரெட்டா பெட்வே ஆகியோர் ஆர்னெட் குடும்பத்தினர்மீதும் அவர்களுடைய நிறுவனங்கள்மீதும் வழக்குத் தொடுத்தார்கள்: தங்கள் படைப்புகளிலிருந்து வந்த பணத்தில் உரிய பங்கு வரவில்லை என்பது புகார். ஆர்னெட் தரப்பு மறுத்தது. 2008-இல் வழக்குகள் முடிவுக்கு வந்தன. ஊருக்குள் இதைப் பற்றி ஒரே கருத்து இருக்கவில்லை. ஆர்னெட் வராவிட்டால் யார் நம்மைப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. வெளியாள் வந்து பெயர் வாங்கித் தருவதும், பெயரோடு சேர்ந்து கணக்கும் அவர் கையிலேயே இருப்பதும் நமக்கும் பழகிய சிக்கல். இதில் எளிதாகப் பக்கம் எடுக்க எங்களால் முடியவில்லை.

கூட்டுறவுச் சங்கம் 2012-இல் மூடப்பட்டது. மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தலையணை உறை ஒப்பந்தங்கள் எப்போதோ நின்றிருந்தன. 2015-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே மூவருக்கும் கிடைத்தது. 2021-இல் ஜீஸ் பெண்ட் பெண்கள் சிலர் எட்ஸி தளத்தில் தங்கள் போர்வைகளை நேரடியாக விற்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கடைக்கும் தைத்தவரின் சொந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள்.